தெளிந்த நீரில் தூண்டில்

‘கலங்கிய குட்டையில் மீன் பிடிப்பவன்’ என்று நம் நாட்டில் ஒரு வசை உண்டு. பிறருடைய குழப்பத்தில் ஆதாயம் தேடுவோரைச் சுட்டுவதற்கு மேடைகளிலும் ஏடுகளிலும் இச்சொல் அடிக்கடி அடிபடும். அந்த வசைக்குள் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. கலங்கிய நீரில் மீன் பிடிப்பது எளிது. வற்றிய குட்டையின் சேற்றைக் காலால் துழாவிவிட்டால் போதும். மூச்சு முட்டி மேலே வரும் மீனைச் சிறுவன் கூடக் கூடையால் அள்ளிவிடுவான். அங்கே திறமைக்கும் வேலையில்லை, பொறுமைக்கும் வேலையில்லை. தெளிந்த நீரின் கதை வேறு. அடியில் கிடக்கும் கல் தெரிகிறது, மீன் தெரிகிறது, மீனின் செதிலும் தெரிகிறது. எல்லாம் தெரிந்தும் மீன் மட்டும் கைக்கு வருவதில்லை. அது நமக்குத் தெரிவதைப் போலவே நாமும் அதற்குத் தெரிகிறோம் என்பதே காரணம்.

தெளிந்த நீரில் கெண்டையைத் தூண்டிலிட்டுப் பிடிக்கும் விதத்தைச் சென்ற தை மாதத்தில் மூன்று நாட்கள் அருகிருந்து கண்டேன். மதரஸாவில் ஓதிக் கொடுப்பவனுக்குத் தூண்டிலோடு என்ன வேலை என்று வாசகர்கள் வியக்கலாம். வேலை இருந்தது. என் உம்மாவின் உணவு அந்தத் தூண்டில் முள்ளில்தான் இருந்தது.

உம்மா நீண்ட காய்ச்சலில் கிடந்து எழுந்திருந்த நேரம் அது. நெஞ்சில் சளி கட்டி, பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பியிருந்தார்கள். நோய் போயிற்று; பசி திரும்பவில்லை. கஞ்சி, முட்டை, ஆட்டுக்கால் சூப் என்று எதை வைத்தாலும் இரண்டு கரண்டிக்கு மேல் இறங்காது. கடல் மீன் வாங்கி வந்தால், ‘ஐஸ் வாடை அடிக்கிறது’ என்று முகத்தைத் திருப்பிக் கொள்வார்கள். மணிக்கட்டில் நின்ற வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. மருத்துவர் என்னைத் தனியே அழைத்து, ‘இனி மருந்தால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை. சாப்பிட்டால் எழுந்து நடப்பார்கள். சாப்பிடாவிட்டால் படுக்கையோடு போய்விடுவார்கள்’ என்றார். அந்த நாட்களில் ஒரு மாலை, உம்மா தாமாகவே வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ‘நம்ம குளத்துக் கெண்டையிலே ஆணம் காய்ச்சினா, ரெண்டு வாய் சாப்பிடுவேன் போல இருக்கு.’

தென்காசிப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஐப்பசி, கார்த்திகை மழையில் செந்நிறமாகக் கலங்கி நிரம்பும் குளம், தை பிறக்கும்போது மண்டி அடியில் தங்கிக் கண்ணாடி போல் தெளிந்துவிடும். மீன்பாசிக் குத்தகை எடுத்தவர், நீர் வற்றத் தொடங்கிய பின் பங்குனியிலோ சித்திரையிலோதான் வலை இறக்குவார். அதுவரை அந்தக் குளத்து மீன் சந்தைக்கு வராது. எனவே வழி தூண்டில் ஒன்றே. குளத்து மீன் குத்தகைக்காரருடைய பொருள். அவரைக் கேளாமல் ஒரு மீனை எடுத்தாலும் அது நமக்கு ஆகாது. நேரே அவர் வீட்டுக்குச் சென்று செய்தியைச் சொன்னேன். ‘உம்மாவுக்குத்தானே? பணமெல்லாம் வேண்டாம் பாய். ஒன்றோ இரண்டோ பிடித்துக் கொள்ளுங்கள். ஆனால் பிடித்த மீனைத் தெருவில் தூக்கிக் காட்டிக்கொண்டு போகாதீர்கள். நாளைக்கு ஊரே கம்பும் கையுமாக வந்து நிற்கும்’ என்றார் அவர்.

உம்மா ‘கெண்டை’ என்று சொன்னது அவர்கள் சிறுமியாக இருந்தபோது அக்குளத்தில் தாமாகவே பெருகி வாழ்ந்த நாட்டுக் கெண்டைகளை எண்ணித்தான். இன்று குளங்களில் குத்தகைக்காரர்கள் குஞ்சு விட்டு வளர்ப்பவை பெரும்பாலும் கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்று வகைக் கெண்டைகள். இவை கங்கைச் சமவெளியைச் சேர்ந்தவை. ஆற்று வெள்ளத்தில் முட்டையிடுமே தவிர, தேங்கிய குளத்தில் முட்டையிடாத இயல்பு உடையவை. 1957ஆம் ஆண்டில் ஹீராலால் சௌத்ரி என்ற அறிஞர் ஒரிசாவில், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தி, இவ்வினக் கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார். அதன் பின்னரே நாடெங்கும் உள்ள குளங்களுக்குக் குஞ்சுகள் தாராளமாகக் கிடைக்கலாயின. இம்மூன்றும் ஒரே குளத்தில் சண்டையின்றி வாழ்வது ஒரு வியப்பு. கட்லா மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுநீரில் மேயும். மிர்கால் அடிமண்ணைக் கிளறும். ஒரு வீட்டில் மூன்று அடுக்கில் மூன்று குடும்பங்கள் வாழ்வதைப் போல என்று சொல்லலாம்.

பிடிக்கும் பொறுப்பை ஏற்றவர் உம்மாவின் தம்பி, என் மாமா. எழுபதை நெருங்குகிறவர், தறி நெய்து ஓய்ந்தவர். ‘ராத்தா வாய்விட்டு ஒன்று கேட்டிருக்கிறாள். அதைக் கொண்டுவராமல் நான் எதற்கு?’ என்று மூங்கில் கம்பைத் தோளில் வைத்துக் கொண்டு புறப்பட்டுவிட்டார். நானும் உடன் சென்றேன்.

முதல் நாள் சுப்ஹுத் தொழுகை முடித்துக் குளத்தை அடைந்தபோது, மடையருகே கரையின் மேல் இளைஞர்கள் நால்வர் நின்று கொண்டிருந்தார்கள். கீழே நீரில் கெண்டைகள் கூட்டமாகத் திரிவது நன்றாகத் தெரிந்தது. அவர்கள் மீனைப் பார்த்துப் பார்த்து அதன் தலைக்கு நேரே இரையை எறிந்தார்கள். இரை விழுந்த இடத்திலிருந்து கூட்டம் விலகிப் போய், பத்தடி தள்ளி மறுபடியும் கூடியது. இவர்கள் அங்கே ஓடினார்கள். அது இங்கே வந்தது. வெயில் ஏறும் வரை இந்த விளையாட்டு நடந்தது. மாமா அன்று தூண்டிலை அவிழ்க்கவே இல்லை. கரையைச் சுற்றி நடந்து, மீன் எந்த நேரத்தில் எந்த இடத்துக்கு வருகிறது, எங்கே நின்று மேய்கிறது என்பதை மட்டும் பார்த்துக் கொண்டிருந்தார்.

திரும்பி வரும் வழியில், ‘மேட்டில் நிற்கிறவனை மீன் பார்க்கும், மருமகனே. பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்க்காது’ என்றார். அனுபவத்தில் விளைந்த அச்சொல்லுக்கு ஒளியியலில் தெளிவான விளக்கம் உண்டு. ஒளி காற்றிலிருந்து நீருக்குள் நுழையும்போது வளைகிறது. அதனால் நீருக்குள் இருக்கும் மீன், வெளியுலகம் முழுவதையும் தன் தலைக்கு மேலே ஒரு வட்டச் சாளரத்தின் வழியாகவே காண்கிறது. அச்சாளரத்தின் விரிவு சுமார் 97 பாகை. தொடுவானம் முதல் உச்சி வரை எல்லாமே அதற்குள் அடக்கம். உயரத்தில் நிற்பவன் அவ்வட்டத்துக்குள் தெளிவாகத் தெரிவான். நீர்மட்டத்துக்கு மேல் 10 பாகைக்குள் அடங்கியிருப்பவையோ வட்டத்தின் விளிம்பில் நசுங்கி, மங்கி, ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போய்விடும். மீன் இருக்கும் இடத்திலிருந்து 20 அடி தள்ளி, தலை நீர்மட்டத்திலிருந்து மூன்றரை அடிக்கு மேல் உயராதவாறு குந்தியிருப்பவன் அந்த எல்லைக்குள் வந்துவிடுகிறான்.

நமக்கும் நீர் ஒரு பொய் சொல்கிறது. 4 அடி ஆழத்தில் இருக்கும் மீன் நேர் மேலிருந்து பார்ப்பவருக்கு 3 அடி ஆழத்தில் இருப்பதாகத் தோன்றும். சாய்ந்து பார்ப்பவருக்கு அது இருக்கும் இடமே மாறித் தெரியும். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைஸம், பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் ஏழு பாகங்கள் கொண்ட நூலின் ஏழாம் பாகம் முழுவதும் இந்த ஒளி வளைவைப் பற்றியதே. அந்நூலின் இலத்தீன் மொழிபெயர்ப்பு 1572ஆம் ஆண்டில் பாசல் நகரில் அச்சாயிற்று; ஐரோப்பிய அறிஞர்கள் பலர் அதிலிருந்து பாடம் கற்றார்கள். கண்ணால் கண்டதும் மெய்யன்று என்பதை அளந்து காட்டிய நூல் அது.

இரண்டாம் நாள் மாமா ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். அது கரை அல்ல. குளத்தின் உட்புறம், நீருக்குள் கருவேல மரங்கள் நிழல் விழ நிற்கும் தாழ்ந்த ஓரம். செருப்பைத் தொலைவிலேயே கழற்றச் சொன்னார். ‘பேசு, பரவாயில்லை, மெதுவாகப் பேசு. ஆனால் காலை மட்டும் தொப்பென்று வைக்காதே’ என்றார். இது எனக்கு விந்தையாக இருந்தது. பின்னர் நூல்களில் தேடியபோது அதன் பொருள் விளங்கியது. காற்றில் எழும் பேச்சொலியின் பெரும்பங்கு நீரின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடுகிறது. தரையில் எழும் அதிர்வோ மண் வழியே நேராக நீருக்குள் இறங்குகிறது. கெண்டை இனத்துக்கு இறைவன் அளித்த செவி சாதாரணமானதன்று. அதன் வயிற்றில் காற்றடைத்த பை ஒன்று உண்டு. அந்தப் பையில் உண்டாகும் நடுக்கத்தை உட்செவிக்கு எடுத்துச் செல்லச் சின்னஞ்சிறு எலும்புகளின் சங்கிலி ஒன்று அமைந்திருக்கிறது. 1820ஆம் ஆண்டில் ஜெர்மானிய உடற்கூற்று அறிஞர் வெபர் இதனை விளக்கி எழுதினார். இன்றும் அவ்வெலும்புகள் அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. போதாததற்கு, உடலின் இரு பக்கங்களிலும் நீளவாட்டில் ஓடும் கோட்டில் நீரின் சிறு அசைவையும் உணரும் நுண்ணுறுப்புகள் உள்ளன.

அன்றும் தூண்டில் போடவில்லை. வறுத்த தவிடும் கடலைப் பிண்ணாக்கும் கலந்து பிசைந்த சிறு உருண்டைகள் நான்கை அந்த நிழலுக்குள் மெல்ல நழுவவிட்டார். பிறகு நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். அஸருக்குப் பின்னும் அவ்வாறே செய்தார். ‘முள் இல்லாத இரையைத் தின்று பழகட்டும். சாப்பிடும் இடத்தில் பயம் இருக்கக் கூடாது’ என்றார்.

அன்று மடையருகே இளைஞர்களின் தூண்டிலில் ஒரு மீன் சிக்கி, துள்ளி, உதடு கிழிந்து தப்பிவிட்டது. அதன் பின் மாலை வரை அப்பக்கம் ஒரு கெண்டையும் தலை காட்டவில்லை. தப்பிய மீன் மற்றவற்றிடம் சென்று சொல்லிவிட்டதா என்று அவர்கள் சிரித்தார்கள். ஒரு வகையில் மீன்கள் அப்படிச் சொல்வதும் உண்டு. தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்து பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் பிரிஷ், கெண்டைக்கு உறவான ஒரு சிறு மீனை ஆராய்ந்து 1938ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். தோல் கிழிபட்ட மீனின் உடலிலிருந்து ஒரு பொருள் நீரில் கலக்கிறது. அதன் வாடை பட்டதும் கூட்டமே அஞ்சி ஒதுங்குகிறது. மீன் தன் அனுபவத்தையும் மறப்பதில்லை. ஒரு முறை முள்ளில் சிக்கி விடுபட்ட கெண்டை அதன் பின் தூண்டிலுக்கு எளிதில் வருவதில்லை என்பதை 1970ஆம் ஆண்டில் நெதர்லாந்தில் வெளியான ஆய்வொன்று காட்டியது. பள்ளிக்கூடமே போகாத பிராணி ஒரே பாடத்தில் கற்றுக் கொள்கிறது!

மூன்றாம் நாள் விடியலில் மாமா மூங்கில் கம்பை எடுத்தார். மெல்லிய தங்கூஸ் நரம்பில் ஈரக் களிமண்ணைத் தடவி உருவினார், மினுமினுப்பு மறைந்தது. தக்கை கட்டவில்லை. தெளிந்த நீரில் மேலே மிதக்கும் தக்கை நமக்குச் சொல்வதை விட மீனுக்கே அதிகம் சொல்லும் என்பது அவர் கணக்கு. மைதாவும் பிண்ணாக்கும் சேர்த்துப் பிசைந்த மாவுக்குள் முள் முழுவதும் மறைந்தது. மீன்கள் வருவதற்கு முன்னரே இரையை நிழலுக்குள் இறக்கி, நரம்பைத் தளர்த்தி அடிமண்ணில் படியவிட்டார். பிறகு அதன் மேல்நுனியை ஆட்காட்டி விரலில் தொட்டும் தொடாமலும் தாங்கிக் கொண்டார். தறியில் இழை அறுவதைக் கண் பார்க்கும் முன் விரல் சொல்லிவிடும் என்று அவர் முன்பு சொன்னது நினைவுக்கு வந்தது.

கெண்டைக்குத் தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள்தான் பல். அது இரையைக் கடிப்பதில்லை. உறிஞ்சி வாய்க்குள் இழுத்து, சுவைத்துப் பார்த்து, ஐயம் தோன்றினால் நொடியில் துப்பிவிடும். அந்த இமைப்பொழுதுக்குள் முடிவு செய்ய வேண்டும். நிழலுக்குள் மூன்று மீன்கள் வந்தன. ஒன்று இரையை ஊதிப் பார்த்துவிட்டு விலகியது. எனக்கு நெஞ்சு அடித்துக் கொண்டது. மாமாவின் விரல் அசையவில்லை. மற்றொன்று வந்து உறிஞ்சித் துப்பியது, அப்போதும் அசையவில்லை. நெடுநேரம் சென்றது. வெயில் மரத்தின் உச்சியைத் தொட்டது. இரண்டாவது மீன் திரும்பி வந்து, இம்முறை இரையோடு மெல்ல நகரத் தொடங்கியது. மாமா மணிக்கட்டை மட்டும் ஒருமுறை சொடுக்கினார், நீர் கொதித்தது. கம்பு வில்லாய் வளைய, இழுத்தும் விட்டும் கரை சேர்த்தபோது அது ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாத ரோகு.

மீனுக்கு அறுப்புத் தேவையில்லை என்பது நாம் அறிந்த சட்டம். அதற்காக அதைத் தரையில் துடிக்கவிட்டு வேடிக்கை பார்ப்பது தகுமா? மாமா உடனே தலையில் ஓர் அடி கொடுத்து அதன் துன்பத்தை முடித்தார். தூண்டிலையும் சுருட்டிவிட்டார். ‘இன்னொன்று வரும் போலிருக்கிறதே’ என்றேன். ‘ராத்தா ஒன்றுதானே கேட்டாள்’ என்றார். மீன் ஈரத் துணியில் சுற்றப்பட்டு, குத்தகைக்காரரிடம் காட்டப்பட்டு, தெருவில் எவர் கண்ணிலும் படாமல் வீடு வந்தது.

என் மனைவி புளியும் மல்லியும் அரைத்து ஆணம் காய்ச்சினாள். மணம் எழுந்ததும் வீடே உம்மாவின் கட்டிலைச் சூழ்ந்துவிட்டது. ‘சாப்பிடுங்க உம்மா’ என்று ஒரு குரல். ‘ஒரு வாய் மாமி’ என்று ஒரு குரல். ‘உங்களுக்காக மூன்று நாள் காத்துக் கிடந்து பிடித்தது’ என்று ஒரு குரல். அத்தனையும் பாசம்தான். ஆயினும் உம்மா தட்டைப் பார்க்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தார்கள். உதடுகள் இறுகின. வாசலில் நின்ற மாமா எல்லோரையும் கையால் சைகை காட்டி வெளியே அழைத்தார். ‘தட்டை வைத்துவிட்டு வாருங்கள். யாரும் பார்க்க வேண்டாம்’ என்றார் மெதுவாக. அவர் மட்டும் உள்ளே சென்று, உம்மாவுக்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடி குளத்தின் பழைய கதைகளைப் பேசத் தொடங்கினார். மடையில் வழுக்கி விழுந்தது, மழையில் தாவணியால் மீன் அள்ளியது என்று என்னென்னவோ. சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

திண்ணையிலிருந்து எங்களுக்குப் பேச்சு மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தட்டில் விரல் படும் ஓசையும் கேட்டது. யாரும் எழுந்து எட்டிப் பார்க்கவில்லை. அரை மணி கழித்து உள்ளேயிருந்து உம்மாவின் குரல் வந்தது: ‘தலைத் துண்டை யாருக்கு எடுத்து வச்சிருக்கீங்க?’ அல்ஹம்துலில்லாஹ். அன்று உம்மா சாப்பிட்டது ஒரு கைப்பிடிச் சோறுதான். ஆனால் தம் கையாலேயே பிசைந்து சாப்பிட்டார்கள். மறுநாள் இரண்டு கைப்பிடி. மாசி பிறந்தபோது அடுப்பங்கரை வரை நடந்து வந்து, ‘புளி கூடுதல்’ என்று குறை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்கள். அக்குறையைக் கேட்டு என் மனைவி மகிழ்ந்ததைப் போல வேறு எந்தப் பாராட்டுக்கும் மகிழ்ந்ததில்லை.

குத்தகைக்காரர் வீட்டுக்கு அன்றே ஒரு கிண்ணம் ஆணம் அனுப்பி வைத்தோம். ‘என் குளத்து மீன் எனக்கே விருந்தாக வருகிறதா?’ என்று அவர் சிரித்தாராம்.

அன்பு வாசகர்களே, நோய் தெளிந்து பலவீனமாய்ப் படுத்திருக்கும் பெரியவர்கள் பல இல்லங்களில் இருக்கிறார்கள். அவர்கள் உண்ண வேண்டும் என்ற கவலையில் நாம் அருகில் நிற்கிறோம். ஒவ்வொரு கவளத்தையும் எண்ணுகிறோம். படுத்திருப்பவரின் கண்களுக்கு நம் கவலை முழுவதும் வெட்டவெளியில் தெரிகிறது. அந்தக் கவலையே அவர்களுக்குச் சுமையாகித் தொண்டையை அடைக்கிறது. மாமாவிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, அவர் தத்துவம் எதுவும் பேசவில்லை. களிமண் ஒட்டியிருந்த நரம்பைக் கழுவி, மூங்கில் கம்பில் சுற்றிக் கொண்டே, ‘இரையை வைத்தாகிவிட்டது அல்லவா? பிறகு நாம் ஏன் நிழல் விழ நிற்க வேண்டும்?’ என்று மட்டும் சொன்னார்.